ஷூ அழகுதான், சுண்டுவிரல்தான் பாவம்

முனை கூர்ந்த அந்தக் கறுப்பு ஷூவைப் பார்த்ததுமே பிடித்துப்போய் வாங்கிவிட்டேன், போடப் போட இளகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன். இளகவில்லை. சுண்டுவிரல் ஓரத்தில் கொப்புளம் வந்து, உடைந்து, தோல் காய்த்துப்போனதுதான் மிச்சம்.

அப்புறம் ஒருநாள் வெள்ளைத் தாளில் காலை ஊன்றி நின்று, பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்து, அதன்மேல் ஷூவை வைத்துப் பார்த்தேன். விரல்கள் வரும் இடத்தில் இரண்டு பக்கமும் கோடு வெளியே தெரிந்தது. நீளம் சரிதான், அகலம்தான் போதவில்லை. ஒரு சைஸ் பெரிதாக வாங்கியிருந்தால் குதிகால் கழன்றுகொண்டு வந்திருக்குமே தவிர, விரலுக்குப் பெரிதாக இடம் கிடைத்திருக்காது.

அடுத்த முறை ஷூ கடைக்குச் சாயங்காலமாகப் போனேன், நாள் முழுக்க நடந்தபின் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் என்பதால். வழக்கமான சாக்ஸோடு இரண்டு காலிலும் போட்டு (எனக்கு வலது கால் சற்றுப் பெரிது, பலருக்கும் இப்படி ஒரு கால் பெரிதாக இருக்கும்) எழுந்து நின்று பார்த்தேன். நீளமான விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருந்தது.

முனை உருண்டையான, லேஸ் கட்டும் பழுப்புத் தோல் ஷூ. பழையது அளவுக்கு எடுப்பாக இல்லை, சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பழைய கறுப்பு ஷூவையும் தூக்கிப் போடவில்லை. உட்கார்ந்தே இருக்கும் விழாக்களுக்கு மட்டும் எடுக்கிறேன்.