பைபிள்ல இருக்கிற திருப்பாடல் (சங்கீதம்) 136-ஐ சர்ச் பூசையில எப்படி வாசிக்கிறது

தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் மொத தடவ வாசகம் வாசிக்கப் போற புள்ளைகளுக்குச் சொல்றேன், இதுல 26 வசனம், ஒவ்வொன்னு முடிவுலயும் 'என்றும் உள்ளது அவரது பேரன்பு'ன்னு வரும் பாருங்க, அது சனங்களோடது, நீங்க வாசிச்சிராதீங்க. முன்பாதிய மட்டும் சொல்லிட்டு நிறுத்தி நிமிர்ந்து பாருங்க, அவங்க முடிச்சப்புறம் அடுத்தது. வாடைக்காத்து அடிச்சா மைக்ல உஸ்ஸுன்னு கேக்கும், வாய கொஞ்சம் தள்ளி வச்சுக்கங்க.

எபிரேயத்துல அந்தப் பல்லவி 'கீ லெஓலாம் ஹஸ்தோ', மூணே வார்த்த, அதான் வேகமா ஓடும். நம்மளுது நீளம், அவசரப்படுத்தாதீங்க. யூதங்க அவங்க பாஸ்கா பண்டிகை ராத்திரி பாடுற இத 'பெரிய அல்லேல்', அதாவது பெரிய புகழ்ப்பாட்டுன்னு சொல்லுவாங்க.

13-ம் வசனத்துல செங்கடல் ரெண்டாப் பிரியும். அங்க மட்டும் மெதுவா, எதுக்க உக்காந்திருக்கிறது பூரா கடலுக்குப் போறவங்க.