மலையகத்தில் சிறுதொழில் செய்பவர்களுக்கு: கூகுளில் தொடங்கி பேஸ்புக்குக்கு வருவது எப்படி?

அட்டனில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் அக்கா ஒருவர், போன வருடம் என் முன்னால் போனை நீட்டி அலுத்துக்கொண்டார். "தம்பி, லைக் போடுறவங்க ஒருத்தரும் கேக் கேக்குறாங்க இல்லையே." பக்கத்தைத் திறந்து பார்த்தேன். படங்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் லைக் போட்டவர்களில் பாதிப்பேர் கொழும்பிலும் டுபாயிலும் வேலை செய்கிற சொந்தக்காரர்கள். அவர்கள் எப்படி அட்டனில் கேக் வாங்குவார்கள்?

பேஸ்புக்கில் இருப்பவர் சும்மா பொழுதைப் போக்க வந்தவர். கூகுளில் "கேக்" என்று தட்டுகிறவருக்கோ நாளைக்குப் பிள்ளையின் பிறந்தநாள். இந்த இரண்டாவது ஆளை முதலில் பிடிக்க வேண்டும். அதற்குக் காசும் தேவையில்லை. எஸ்.ஈ.ஓ. என்று பெரிதாகச் சொல்கிறார்களே, சிறிய கடைக்கு அது இவ்வளவுதான்: தேடுகிறவர் கண்ணில் படுவது. அந்த அக்காவுக்குச் செய்ததையே வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: ஆட்கள் என்ன தட்டுகிறார்கள் என்று பாருங்கள்

ஒரு கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். கூகுளில் உங்கள் பொருளின் பெயரையும் ஊரையும் தட்டி, அனுப்பாமல் கொஞ்சம் நிறுத்துங்கள். கீழே வரிசையாக விழும் பரிந்துரைகள் மற்றவர்கள் உண்மையில் தேடுகிற சொற்களை ஒட்டி வருபவை. அவற்றை எழுதி வையுங்கள்.

நம் ஊர்ப் பெயர்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவர் அட்டன் என்கிறார், இன்னொருவர் ஹட்டன் என்கிறார், பத்திரிகையில் ஹற்றன் என்று வருகிறது. நுவரெலியாவும் அப்படித்தான். போனில் தேடும்போது பலர் ஆங்கில எழுத்திலேயே தட்டுகிறார்கள். சிங்களத்தில் தேடும் வாடிக்கையாளர்களும் உண்டு. அதனால் உங்கள் விவரத்தில் ஊர்ப் பெயர் மூன்று மொழியிலும் ஒருமுறையாவது இருக்கட்டும். ஒருமுறை போதும். ஒரே சொல்லை இருபது தடவை போட்டால் படிப்பவருக்கும் எரிச்சல், கூகுளும் அதை ஏமாற்று வேலையாகவே பார்க்கும்.

படி 2: எழுத்துரு சரியா?

இதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. டவுனில் டைப்செட்டிங் செய்கிற இடங்களில் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் அடித்துக் கொடுக்கிறார்கள். நோட்டீசுக்கு அது சரி. இணையத்துக்கு ஆகாது. அடித்த வரியை நகலெடுத்து கூகுள் தேடல் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே தெரிந்தால் அது யுனிகோட், அதாவது எல்லா போனும் கணினியும் புரிந்துகொள்ளும் எழுத்துமுறை, பிரச்சினை இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடந்தால் அது பாமினி. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தது கூகுளுக்கு வெறும் குப்பை. பாமினியை யுனிகோட்டாக மாற்றித் தரும் இலவசத் தளங்கள் நிறைய உண்டு. இல்லாவிட்டால் போனிலேயே தமிழ் விசைப்பலகையில் அடித்துவிடுங்கள்.

அக்காவின் பக்கத்தில் விலை, எடை, போன் நம்பர் எல்லாம் போஸ்டர் படத்துக்குள்தான் இருந்தன. படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடலில் வர முடியாது. படத்தோடு சேர்த்து அதே விவரத்தை எழுத்தாகவும் போடுங்கள்.

படி 3: கூகுள் பிஸ்னஸ் புரொபைல்

கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் கடையின் பெயர், இடம், நம்பரைக் காட்டும் பக்கம் இது. 2021ஆம் ஆண்டு வரை கூகுள் மை பிஸ்னஸ் என்று இருந்ததுதான். இலவசம். உங்களிடம் இருக்கும் ஜிமெயில் கணக்காலேயே தொடங்கலாம். பழைய யூடியூப் விளக்கங்களில் "கூகுளே இலவசமாக வெப்சைட் தரும்" என்று சொல்வார்கள். அந்த வசதியை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள், தேடிக் களைக்க வேண்டாம்.

பெயர் கேட்கும் இடத்தில் போர்டில் இருக்கும் பெயரை மட்டும் போடுங்கள். கடைப் பெயருக்குப் பின்னால் "அட்டன் மலிவு விலை பிறந்தநாள் கேக்" என்று வால் ஒட்டினால் கணக்கையே முடக்கிவிடக்கூடும். அந்தச் சொற்களுக்கெல்லாம் கீழே விவரப் பகுதி இருக்கிறது.

அடுத்தது முகவரி. கடை இருந்தால் வரைபடத்தில் ஊசியைச் சரியான கட்டடத்தின் மேல் வையுங்கள். தோட்டத்து லயன்களுக்கு வீதிப் பெயர் ஏது, வீட்டு இலக்கம் ஏது? அதற்குத்தான் பிளஸ் கோட் இருக்கிறது. கூகுள் மேப்பில் உங்கள் இடத்தை அழுத்திப் பிடித்தால் கூட்டல் குறியோடு ஒரு சிறு குறியீடு வரும். வட்ஸ்அப்பில் அதை அனுப்பினால் போதும், ஆட்டோக்காரர் வாசலுக்கே வந்துவிடுவார். வீட்டிலிருந்து செய்து கொண்டுபோய்க் கொடுப்பவர் என்றால் முகவரியை மறைத்துவிட்டு, சேவை தரும் ஊர்களை மட்டும் போடலாம். இருபது ஊர் வரை இடம் உண்டு. அக்கா டிக்கோயா, கொட்டகலை, தலவாக்கலை, மஸ்கெலியா என்று போட்டார். பொகவந்தலாவையையும் சேர்க்கச் சொன்னேன், "பஸ்ஸுல போய்ச் சேர்றதுக்குள்ள ஐசிங் கலைஞ்சிரும்" என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னதுதான் சரி.

பிறகு உறுதிப்படுத்தல். இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும்: வெளியே வீதியும் பக்கத்துக் கட்டடங்களும், பிறகு போர்ட், பிறகு நீங்கள்தான் நடத்துகிறீர்கள் என்பதற்கு அடையாளம். ஷட்டரைச் சாவி போட்டுத் திறப்பதைக் காட்டலாம். அக்கா ஓவனையும் கேக் மா அடிக்கும் பீட்டரையும் வியாபாரப் பதிவுப் பத்திரத்தையும் காட்டினார். முதல் தடவை நிராகரித்துவிட்டார்கள். குற்றம் எங்களுடையதுதான்: நவம்பர் மாதத்துக் காலைப் பனிமூட்டத்தில் எடுத்திருந்தோம், எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியவில்லை. பத்து மணிக்கு வெயில் தலைகாட்டியதும் எடுத்தது சரியாகிவிட்டது.

உள்ளூர்த் தேடலில் யாரை முன்னால் காட்டுவது என்பதற்கு மூன்று விஷயம் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது: தேடியதற்குப் பொருத்தம், தூரம், எவ்வளவு அறியப்பட்ட இடம் என்பது. "காசு கொடுத்தால் முதலாவதாக வரவைக்கிறேன்" என்று யாராவது போனில் சொன்னால் வைத்துவிடுங்கள். இந்த வரிசையைக் காசுக்கு வாங்க முடியாது.

படி 4: விமர்சனங்கள்

கேக்கைக் கொடுத்த அன்றே கேளுங்கள். மறுவாரம் கேட்டால் யாரும் எழுத மாட்டார்கள். புரொபைலிலேயே விமர்சனம் கேட்கும் இணைப்பு ஒன்று கிடைக்கும், அதை அனுப்பினால் ஆளுக்கு ஒரு நிமிட வேலை. எழுதினால் விலை குறைக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், அது விதிக்கு விரோதம். நாங்கள் வேறொரு புத்திசாலித்தனம் செய்தோம். வீட்டு வைஃபையில் ஒரே மாலையில் மச்சான், மதினி, சித்தப்பா பிள்ளைகள் என்று பன்னிரண்டு பேரை வைத்து ஐந்து நட்சத்திரம் போடவைத்தோம். கொஞ்ச நாளில் எல்லாமே காணாமல் போய்விட்டன. இப்போது இருக்கும் ஒன்பதும் உண்மையானவை. அதில் ஒருவர் "இனிப்புக் கொஞ்சம் கூட" என்று எழுதியிருக்கிறார். அழிக்க வழி தேடாமல், "அடுத்த முறை குறைத்துத் தருகிறேன்" என்று அக்கா பதில் போட்டார். அதைப் படித்துவிட்டே வந்த வாடிக்கையாளர்களும் உண்டு.

படி 5: இப்போது பேஸ்புக்

கூகுளில் போட்ட அதே பெயர், அதே நம்பர். முடிந்த கேக்கை மட்டும் காட்டாமல், பூவைப் பிழிந்து வைக்கும் கையை இருபது நொடி வீடியோ எடுத்துப் போடுங்கள். ஆட்கள் நின்று பார்ப்பது அதைத்தான்.

எப்போது போடுவது என்பதை நம் ஊர்க் காலண்டர் சொல்லும். பத்தாம் தேதி வாக்கில் தோட்டச் சம்பளம். மாசி, பங்குனியில் கோயில் தேர். டிசம்பரில் கிறிஸ்மஸ். நல்லதண்ணியில் அறை விடுகிறவர் என்றால், சிவனொளிபாதமலை யாத்திரை மார்கழிப் போயாவில் தொடங்கி வெசாக் வரை நடக்கிறது. விலையும் படமும் நவம்பரிலேயே புதுசாக இருக்க வேண்டும். நுவரெலியாக்காரர்களுக்கு ஏப்ரல் சீசனைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

காசு கட்டி பூஸ்ட் செய்வதென்றால், அதாவது பதிவை அதிகம் பேருக்குக் காட்டவைப்பதென்றால், சிறு தொகையில், சில நாளைக்கு மட்டும் முயன்று பாருங்கள். இடத்தை இலங்கை முழுவதும் என்று விட்டுவிடாமல் உங்கள் டவுனைச் சுற்றி வட்டம் போடுங்கள். அந்த வட்டத்தையும் அப்படியே நம்ப முடியாது. அது மலையைத் தாண்டி நேராகப் போகும், நம் பஸ் வளைந்து வளைந்துதான் போகும். கொண்டுபோய்க் கொடுக்க முடியாத ஊர் உள்ளே விழுந்தால் வட்டத்தைச் சுருக்குங்கள்.

படி 6: வட்ஸ்அப் பிஸ்னஸ்

சாதாரண வட்ஸ்அப் போலத்தான், இலவசம். விலைப்பட்டியலைக் கட்டலொக் என்ற பொருள் பட்டியல் பகுதியில் படத்தோடு ஏற்றிவிடுங்கள். "விலை எவ்வளவு, எத்தனை நாள் முன்னால் சொல்லணும்" என்ற இரண்டு கேள்விக்கும் விரைவுப் பதிலைத் தயாராக வையுங்கள். செயலி தரும் குறு இணைப்பை நகலெடுத்து பேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டால், நம்பரைச் சேமிக்காமலே ஆட்கள் எழுதலாம்.

படி 7: எது வேலை செய்கிறது?

புரொபைலில் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் அழைத்தார்கள் என்று மாதவாரியாகத் தெரியும். ஆனால் எனக்குப் பிடித்த கணக்கு அக்காவின் கொப்பிதான். ஓடர் சொல்கிற எல்லோரிடமும் "எங்க பாத்தீங்க?" என்று கேட்டு, கூ (கூகுள்), பே (பேஸ்புக்), ஆள் (ஆள் சொல்லி வந்தவர்) என்று மூன்று நிரலில் கோடு போடுகிறார். போன மாதம் "கூ" நிரலில் பதினொன்று, "பே" நிரலில் நாலு, "ஆள்" நிரலில் ஏழு. அதைப் பார்த்துவிட்டு பூஸ்டுக்கு வைத்திருந்த காசில் புது கேக் தட்டு இரண்டு வாங்கிவிட்டார்.