போர்வெல் வண்டியைக் கூப்பிடும் முன் பட்டாவைப் பாருங்கள்

வெளியூர் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பி ஆட்டுப் பண்ணை, கோழிப் பண்ணை போடும் பிள்ளைகள் இப்போது அதிகம். அவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். அப்பாமார்கள் அந்தக் காலத்தில் சிக்கிய அதே இடத்தில்தான் இவர்களும் சிக்குகிறார்கள். ஆதார் நகலை மறப்பது, கையெழுத்து விட்டுப்போவது எல்லாம் மறுநாளே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிட்டு, பின்னால் சிக்க வைக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கூட்டுப் பட்டாவோடு நின்றுவிடுவது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதில்தான். 3 ஏக்கர் உள்ள ஒரு சர்வே எண்ணில் ஒருவர் 1 ஏக்கர் வாங்குகிறார். பத்திரம் பதிவாகிறது. பட்டா மாறுதலில் இரண்டு வகை உண்டு: உட்பிரிவு உள்ளது, உட்பிரிவு இல்லாதது. உட்பிரிவு என்றால் வாங்கிய பாகத்தைத் தனி எண்ணாகப் பிரிப்பது. முதல் வகைக்குக் கட்டணம் உண்டு, சர்வேயர் வந்து அளக்க வேண்டும், நாளும் இழுக்கும். "இல்லாததையே போடுங்கண்ணே, சீக்கிரம் வந்துரும்" என்று யாராவது சொல்வார்கள். சொன்னபடியே வந்தும் விடும். பழைய பட்டாதாரர்கள் பெயருக்குக் கீழே இவர் பெயரும் ஏறியிருக்கும். இதுதான் கூட்டுப் பட்டா. வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்.

தர்மபுரிப் பக்கம் ஒரு தம்பி அப்படித்தான் நினைத்தார். கடன் வாங்கி போர் போட்டார், நல்ல தண்ணீர். விவசாய மின் இணைப்பு கேட்டுப் போனபோது, கூட்டுப் பட்டா என்பதால் மற்ற பங்குதாரர்களின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். ஒருவர் இறந்துபோயிருந்தார், அவருக்கு வாரிசுச் சான்று எடுக்கவே இல்லை. ஒருவர் திருப்பூரில். இன்னொருவருக்கு வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை கிடையாது. "என் வாசலுக்கு வந்து கேக்கட்டும், பாக்கலாம்" என்றார். கடனுக்கு வட்டி ஓடியது. புது மோட்டார் அட்டைப்பெட்டி பிரிக்காமலே திண்ணையில் கிடந்தது. அந்தப் பெட்டியைப் பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பத்திரம் எழுதும்போதே நான்கு எல்லையும் அளவும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். உட்பிரிவுக்கே விண்ணப்பியுங்கள். சர்வேயர் வரும் நாளில் பக்கத்து நிலத்துக்காரர்களையும் கூப்பிட்டு வையுங்கள். கல் நட்டு, நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தில் கோடு விழுந்து, 142/3 என்று இருந்தது 142/3ஏ, 142/3பி என்று பிரிந்து, உங்கள் பெயரில் தனிப் பட்டா வந்த பிறகு போர் வண்டியைக் கூப்பிடுங்கள்.

அண்ணன் தம்பி வாய்மொழியாகப் பாகம் பிரித்து முப்பது வருடம் உழுதிருந்தாலும், தாலுகா ஆபீஸில் காகிதம்தான் பேசும். பாகப்பிரிவினையைப் பதிவு செய்யுங்கள். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. எல்லோரும் உயிரோடும் பேச்சுவார்த்தையோடும் இருக்கும்போதே அதை முடித்துவிடுங்கள்.

யு.டி.ஆர். பிழையைக் கவனிக்காமல் விடுவது

1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். பணியில் பெயரும் பரப்பும் மாறிப்போன நிலங்கள் ஊருக்கு ஊர் உண்டு. தாய்ப் பத்திரத்தையும், ஊர் நிலங்களின் விவரம் உள்ள 'அ' பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிழை இருந்தால் வி.ஏ.ஓ.விடம் சண்டை போட்டுப் பயனில்லை. திருத்தும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. மனு அவருக்கு மேலே உள்ள வருவாய் அதிகாரிகளிடம்தான் போக வேண்டும்.

காய்ந்த ஓடையை நிலமாக நினைப்பது

பல வருடமாகத் தண்ணீரே ஓடவில்லை என்பார்கள். புலப்படத்தில் ஓடை என்றிருந்தால் அது ஓடைதான். கொட்டகையின் ஒரு மூலை புறம்போக்கில் விழுந்தாலும் நோட்டீஸ் வரும். கடைக்கால் தோண்டும் முன் படத்தோடு போய் அளந்து பாருங்கள்.

கோழிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவது

5,000-ஐத் தாண்டினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் வேண்டும். பின்னால் பெருக்கும் எண்ணம் இருந்தால், ஊரிலிருந்தும் நீர்நிலையிலிருந்தும் விலக வேண்டிய தூரத்தை இப்போதே விட்டு இடம் பாருங்கள். கட்டிய கொட்டகையை நகர்த்த முடியாது.

அனுமதிக்கு முன்பே ஏரியில் டிராக்டரை இறக்குவது

வண்டல் மண் இலவசம்தான். ஆனால் தாசில்தார் அனுமதி கையில் இல்லாவிட்டால் வண்டி ஸ்டேஷனில் நிற்கும்.

மனு கொடுத்துவிட்டு ரசீது வாங்காமல் வருவது

கொடுத்ததற்கே சாட்சி இல்லை.

மூலப் பத்திரத்தை ஆபீஸில் விட்டுவிட்டு வருவது

காட்டுங்கள், கையோடு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.