மாமல்லபுரத்தில் தாய்மையைத் தேடிப் பாருங்கள்

மாமல்லபுரம் போகிறவர்கள் அர்ச்சுனன் தபசு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அடுத்த முறை போகும்போது தாய்மையை மட்டும் தேடிப் பாருங்கள். குழந்தைகளை அழைத்துப் போனால் இன்னும் நல்லது, அவர்கள் நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

காலையிலேயே போய்விடுங்கள். தபசுப் பாறை கிழக்கு பார்த்தது, வெயில் நேராக விழும். வலப்பக்கம் பெரிய யானையின் காலடியில் குட்டிகள் ஒண்டியிருப்பதைப் பாருங்கள். பக்கத்திலேயே தனிச் சிற்பமாக ஒரு குரங்குக் குடும்பம்: ஆண் பேன் பார்க்க, தாய் குட்டிக்குப் பால் கொடுக்கிறது.

அப்புறம் கிருஷ்ண மண்டபம். இங்கேதான் நிறைய நேரம் நிற்க வேண்டும். முன்மண்டபம் விஜயநகரக் காலத்தில் சேர்க்கப்பட்டது, அதனால் உள்ளே வெளிச்சம் குறைவு, கண் பழகட்டும். ஒருவர் பால் கறக்கிறார், பசுவோ தலையைத் திருப்பிக் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் கழுத்து வளைவையும் நீட்டிய நாக்கையும் பாருங்கள். மாட்டோடு பழகியவர்தான் இப்படிச் செதுக்க முடியும் என்பேன். எனக்கு அந்த ஊரிலேயே மிகப் பிடித்த சிற்பம் இது.

நேரமிருந்தால் குன்றின்மேல் மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்கும் ஏறுங்கள். பின்சுவரில் சோமாஸ்கந்தர், அதாவது சிவனும் உமையும் குட்டி முருகனோடு இருக்கும் சிற்பம். பல்லவர் சிற்பத்தில் குட்டி முருகன் உமையின் மடியில் இருப்பான். சோழர் செப்புத் திருமேனிகளில் பெரும்பாலும் இருவருக்கும் நடுவே நிற்பான். அருங்காட்சியகத்தில் இந்த வேறுபாட்டைத் தேடிப் பாருங்கள்.