மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் நூல் போல வருகிறதா?

ஆடி, ஆவணியில் வறண்ட கச்சான் காற்று வீசும்போது மட்டக்களப்பின் கல்லடி, ஆரையம்பதிப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் இறங்கிவிடும். கூடவே இந்த முறைப்பாடும் வரும். உடனே மோட்டரைக் கழற்றிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். நான் போனேன். வைண்டிங் (மோட்டருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) பழுது என்றார்கள், காசு கட்டினேன், கொண்டுவந்து பூட்டினால் அதே நூல் தண்ணீர். கடைசியில் பார்த்தால், பழுது ஒரு சின்ன வாஷரில்.

இங்கே சொல்வது கிணற்றுக்கு வெளியே மோட்டர் வைத்து, மேலே தாங்கிக்கு ஏற்றும் வீடுகளுக்கு. தண்ணீருக்குள் இறக்கும் மோட்டருக்கு இது பொருந்தாது.

படி 1: எங்கே குறைகிறது?

தாங்கியில் விழும் பைப்பைப் போய்ப் பாருங்கள். அங்கே நன்றாக விழுந்து, குசினிக் குழாயில் மட்டும் குறைந்தால் மோட்டரில் குற்றமில்லை. குழாய் வாயில் உள்ள வலையைக் கழற்றிக் கழுவுங்கள். அங்கேயும் மெலிந்து விழுந்தால் ஒரு 20 லீட்டர் வாளியைப் பிடித்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று எழுதி வையுங்கள். எங்கள் அரைக் குதிரைவலு மோட்டருக்கு 40 வினாடி போதும். பழுதான அன்று இரண்டு நிமிடத்துக்கு மேல் போனது.

படி 2: கிணற்றை எட்டிப் பாருங்கள்

மேலே இருக்கும் மோட்டர் ஏறக்குறைய 25 அடி ஆழத்திலிருந்துதான் தண்ணீரை இழுக்கும். நம்முடைய கரையோரக் கிணறுகள் அவ்வளவு ஆழமில்லை. புட் வால்வு (பைப்பின் அடி முனையில், ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாத வால்வு) தண்ணீருக்குள் ஓர் ஒன்றரை அடியாவது மூழ்கியிருக்கிறதா, அடி மணலிலிருந்து ஓர் அடி மேலே நிற்கிறதா என்பதுதான் கேள்வி. குறைந்தால் பைப்பைக் கொஞ்சம் இறக்கலாம். ஆனால் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் வீடுகளில் அளவோடு இறையுங்கள். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலேதான் மிதக்கிறது. விடாமல் இறைத்தால் உப்பு மேலே ஏறும்.

படி 3: காற்று எங்கே நுழைகிறது?

பாதிப் பழுது இங்கேதான். உறிஞ்சும் பைப்பில் ஓட்டை இருந்தால் மோட்டர் ஓடும்போது ஒரு சொட்டும் வெளியே கசியாது. காற்றைத்தான் உள்ளே இழுக்கும். அதனால்தான் கண்ணுக்குப் படுவதில்லை. தாங்கியில் தண்ணீர் துப்பித் துப்பி, நுரையோடு விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். பம்பின் மேல் மூடியைத் திறந்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். ஓடும்போது காற்றை இழுத்த அதே ஓட்டை இப்போது வெளியே சொட்டும். வெயில் படும் எல்போக்கள் (பைப் வளைவுகள்), யூனியன் (கழற்றிப் பூட்டும் இணைப்பு), அந்த மூடியின் வாஷர் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். என் வீட்டில் அந்த வாஷர்தான் காய்ந்து, நகத்தால் கீறினால் உதிர்ந்தது.

எங்கும் சொட்டவில்லை, ஆனாலும் மட்டம் இறங்குகிறது என்றால் புட் வால்வு பிடிக்கவில்லை.

வெடித்த இணைப்பைப் புதிதாக ஒட்டுவதுதான் சரி. அன்றைக்குச் சமாளிக்க, பழைய சைக்கிள் டியூப்பை வார் போல வெட்டி இறுக்கிச் சுற்றினால் ஒரு வாரம் ஓடும்.

படி 4: புட் வால்வு

பைப்பைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். கிணற்றுக் கட்டில் ஏறி நிற்க வேண்டாம். வலையில் பாசியும் இலையும், உள்ளே ரப்பரின் விளிம்பில் நாலைந்து மணலும் இருக்கும். அந்த மணலே போதும், வால்வு மூடாது. கழுவி, பைப்பில் தண்ணீர் நிரப்பி நிமிர்த்திப் பிடியுங்கள். அப்படியும் ஒழுகினால் புதிது வாங்குங்கள், திருத்திப் பயனில்லை.

படி 5: கடைசியாகத்தான் மோட்டர்

உறுமுகிறது, சுழலவில்லை என்றால் பெரும்பாலும் மோட்டரைச் சுழலத் தொடக்கிவிடும் கப்பாசிட்டர்தான் பழுது. பொழுதுபட்டால் மட்டும் மெலிகிறது என்றால் வோல்டேஜ் குறைவாக இருக்கலாம். இரண்டுக்கும் மின் வேலை தெரிந்தவரையே கூப்பிடுங்கள். தண்ணீர் வராத மோட்டரை "வரும், வரும்" என்று ஓடவிட்டால் உள்ளே தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீலும் கருகிவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வாளி நிரம்பவில்லையா? மணல் தேய்த்து, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெலர் மெலிந்திருக்கும். அப்போது கடைக்குக் கொண்டு போங்கள். முன்பு எத்தனை வினாடி, இப்போது எத்தனை வினாடி என்பதையும் சொல்லுங்கள். வைண்டிங் கதையைத் தொடங்க முன் கடைக்காரரும் ஒருதரம் யோசிப்பார்.