பூஞ்சணம் பூத்த தீவனமும் பாலும்

பூஞ்சணம் பூத்த பிண்ணாக்கையோ மக்காச்சோளத்தையோ "வீணாகப் போவானேன்" என்று மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் அஃப்ளடாக்சின் பி1 என்ற நச்சு இருக்கலாம். மாட்டின் கல்லீரல் அதை அஃப்ளடாக்சின் எம்1 என்ற இன்னொரு நச்சாக மாற்றும். ஒரு நாளுக்குள் பாலில் இறங்கிவிடும். தின்றதில் சில சதவீதம்தான் வரும், ஆனால் அதிகம் பால் குடிப்பது குழந்தைகளாயிற்றே! காய்ச்சினாலும் போகாது, தயிரிலும் இருக்கும். வெயிலில் காயவைத்து, பூஞ்சணத்தைத் தட்டிவிட்டுப் போடுவதும் வீண்வேலை, நச்சு உள்ளேயே நிற்கும். நல்ல தீவனத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் நான்கைந்து நாளில் பால் தெளிந்துவிடும். மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டிருந்தால் அது வேறு கணக்கு: மருந்து லேபிளில் சொன்ன நாள் முடியும்வரை அந்தப் பாலை விற்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது.