சீனக் கடைக்காரருக்கு ‘நம்பள்கி’ வேண்டாம்: டப்பிங் வசனம் எழுத வருகிறவர்களுக்கு

சாலிகிராமத்தில் உட்கார்ந்து டப்பிங் வசனம் எழுத ஆரம்பித்து எனக்கு 19 வருடம் ஆகிறது. புதிதாக வருகிறவர்கள் லிப் பிடிப்பது, அதாவது நடிகரின் உதட்டசைவுக்குப் பொருந்தத் தமிழ் எழுதுவது எப்படி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதைச் சொல்கிறேன். ஆனால் ஓர் ஆசிய ஆண் திரையில் வந்தால் அவருக்கு எந்தத் தமிழைக் கொடுப்பது என்பதை அதற்கு முன்னால் பேசியாக வேண்டும். நான் தப்பு செய்த இடம் அது.

ஓர் அமெரிக்கத் தொடரில் சீன மளிகைக்கடைக்காரர் ஒருவர், அறுபது வயது இருக்கும். நம் படங்களில் சேட்டும் கூர்க்காவும் பேசுவதைக் கேட்டு வளர்ந்த கை, யோசிக்காமல் ‘நம்பள்கி தெரியும், நிம்பள்கி தெரியாது’ என்று எழுதிவிட்டது. டப்பிங் தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள், டேக் ஓகே ஆனது. எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன் நேபாளத்துக்காரர். அவர் மகன் வடபழனியில் பிறந்து வளர்ந்தவன், சுத்தமான மெட்ராஸ் தமிழ் பேசுவான். தொடர் வந்த வாரம் லிப்ட் பக்கத்தில் நின்று, “ஆன்ட்டி, அந்தக் கடைக்காரன் மாதிரிப் பேசிக் காட்டுடான்னு கிளாஸ்ல டெய்லி சொல்றானுங்க” என்றான். எழுதியது நான் என்று அவனுக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால், எழுதுவதற்கு முன் படத்தைப் பார்க்காமல் மூல ஒலியை மட்டும் ஒருமுறை கேளுங்கள். அவர் தன் சொந்த மொழியில் பேசுகிறாரா, பிற்பாடு கற்ற மொழியிலா? கொரியத் தொடரில் கொரிய அப்பா மகனைத் திட்டுவது அவர் வீட்டு மொழி. நம் வீட்டில் அப்பா எப்படித் திட்டுவாரோ அதையே எழுதுங்கள். அங்கே மழலை, கொச்சை, திக்கல் எதற்கும் இடமில்லை.

பிற்பாடு கற்ற மொழி என்றால் காதால் கேட்டு எழுதுங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்த பிறகு சென்னையில் கொரியக் குடும்பங்கள் நிறைய. காய்கறிக் கடையிலும் கார் டிரைவரிடமும் அவர்கள் பேசும் தமிழைக் கவனித்திருக்கிறேன். வாக்கியம் சின்னதாக இருக்கும். ஒரு சொல்லைத் தேடி நிற்பார்கள், கிடைத்ததும் முகம் மலரும். ‘நிம்பள்’ என்று ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

அதே தொடரின் அடுத்த சீசனும் என்னிடமே வந்தது. கடைக்காரர் ஒரு பையனிடம் ‘உன் அம்மா நேற்று வந்தார், நான் காசு வாங்கவில்லை’ என்கிறார். ஆங்கிலத்தில் ‘மதர்’ வரும்போது உதடு ஒருமுறை மூடுகிறது, ‘கேம்’ முடியும்போது இன்னொருமுறை. ‘உங்கம்மா வந்தாங்கப்பா நேத்து… காசு வாங்கல’ என்று எழுதினேன். ‘ம்மா’வில் ஒரு மூடல், ‘ப்பா’வில் ஒரு மூடல். லிப் உட்கார்ந்தது. லிப்புக்காகப் போட்ட அந்த ‘ப்பா’, அந்தப் பையன் மேல் அவருக்கு இருந்த பாசத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தது. பழைய மாதிரி எழுதியிருந்தால் ‘உன் மம்மி வந்தான்’ ஆகியிருக்கும். சிரிப்பு வந்திருக்கும், அந்த மனிதர் போயிருப்பார்.

அடுத்தது குரல். வெள்ளைக்கார நாயகனுக்குக் கனத்த குரல், அவன் ஆசிய நண்பனுக்குக் கீச்சுக்குரல் என்று நாமே பங்கு பிரித்துவிடுகிறோம். ஆசிய ஆண் காதலனாக எடுபடமாட்டான் என்பது இயற்கை இல்லை, உண்டாக்கப்பட்டது. ஜப்பானில் பிறந்த செசூ ஹயகாவா 1915இல் ஒரு மௌனப் படத்தில் பேர் வாங்கி, அமெரிக்கப் பெண்கள் மயங்கிய நட்சத்திரமாக இருந்தார். 1930இல் ஹாலிவுட் தனக்கென்று எழுதிக்கொண்ட விதிகள் வெள்ளையர், கறுப்பர் இடையிலான உறவைத் திரையில் காட்டக் கூடாது என்றன. நடைமுறையில் ஆசியர்களுக்கும் அந்தக் கதவு சாத்தப்பட்டது. அதே காலத்தில் சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளர் பாத்திரத்தில் நடித்தவர் ஸ்வீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட். சான் வாய்திறந்தால் பொன்மொழி. இன்றைக்கும் தாடி வைத்த சீனப் பெரியவர் வந்தால் நாம் செந்தமிழில் தத்துவம் எழுதுகிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது. அவர் டீ கேட்டால் டீ கேட்கட்டும்.

நமக்கு இது வலிக்காது என்று நினைக்காதீர்கள். ‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் இந்தியக் கடைக்காரர் அப்புவுக்குக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளைக்காரர். அமெரிக்காவில் வளர்ந்த இந்தியப் பிள்ளைகளை அந்தக் குரலை வைத்தே பள்ளியில் கேலி செய்தார்கள். 2020இல்தான் அவர் இனி பேசமாட்டேன் என்று அறிவித்தார். 1968இல் ஓர் இந்திப் படத்தில் நகைச்சுவை நடிகர் மெஹ்மூத் குடுமியும் ‘ஐயோ’வுமாக, தமிழரான பாட்டு வாத்தியாராக வந்தார். அதே வருடம் ஆங்கிலேய நடிகர் பீட்டர் செல்லர்ஸ் முகத்தில் பழுப்புச் சாயம் பூசி இந்தியராக நடித்தார்.

“கொஞ்சம் காமெடியா போடுங்க மேடம்” என்று சேனல் தரப்பில் கேட்பார்கள். மூலத்தில் நகைச்சுவை இருந்தால் எழுதுங்கள், அது அவர் சொல்லும் விஷயத்தில் இருக்கட்டும், உச்சரிப்பில் வேண்டாம். வாக்குவாதம் முற்றினால், நேரான வசனத்தை முதல் டேக்கில் பேசவைத்து படத்தோடு ஓட்டிக் காட்டுங்கள். அந்த நடிகரின் கண்ணும் தமிழும் சேர்ந்து வரும்போது, மாற்றச் சொல்லி இதுவரை என்னிடம் இரண்டு பேர்தான் வற்புறுத்தியிருக்கிறார்கள்.